மிலான் பெட்டியின் கடைசிக் கண்ணாடி

அந்த நாற்காலி வேண்டாம் ஐயா. பார்வைக்குத் திடமாகத்தான் இருக்கிறது. ஆயினும் அதில் யாரையும் அமரவைக்கிற வழக்கம் இந்த வீட்டில் இல்லை. காரணத்தைப் பிறகு சொல்கிறேன். இந்தப் பெஞ்சியில் அமருங்கள். வடிவு, ஐயாவுக்கு மோர் கொண்டு வா. உப்பைக் குறைத்துப் போடு.

இது என்ன, மேசைமேல் தீப்பெட்டி அளவில் வைக்கிறீர்கள்? பேச்சைப் பிடித்து வைத்துக்கொள்ளுமா? ஓரத்தில் சிவப்பாக ஒரு புள்ளி எரிகிறதே, அது எரிந்தால் கேட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருளா? எரியட்டும். எனக்கு மறைப்பதற்கு ஒன்றுமில்லை. முப்பத்தெட்டு ஆண்டுகள் ஒரு சைவ மடத்து அச்சகத்தில் பிழை திருத்தியவன் நான். என் கண்ணுக்குத் தப்பி ஒரு பதிகத்தில் ஓர் ஒற்றெழுத்துகூட விழுந்ததில்லை. பிறர் பிழையைச் சுமந்து சுமந்து அலுத்துப்போன உடம்பு இது; பேசும்போது மூச்சு வாங்கினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மிலான் நகரத்துக் கேமராக் கம்பெனியைப் பற்றி நூல் எழுதுகிறேன் என்றீர்கள். அதன் பெட்டி யாரிடமாவது இருந்தால் தெரிவிக்கும்படி பத்திரிகையில் கேட்டிருந்தீர்கள் என்றும், கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் எழுதியதாகவும், அவரைப் பார்த்துவிட்டுத்தான் இந்தத் திருநெல்வேலிக்கு வந்ததாகவும் சொன்னீர்கள். அந்த ஒருவர் குத்தாலம். என் தம்பி. உடன்பிறந்தவன்.

எப்படி இருக்கிறான்? கண் மங்கிவிட்டதாமே. சர்க்கரை நோயில் இடக்கண் போய்விட்டது, வலக்கண்ணுக்கும் தை மாதத்துக்குமேல் உத்தரவாதமில்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டாராம். நீங்கள் சொல்லத் தயங்குகிறீர்கள். எனக்குத் தெரியும், என் மனைவி வடிவுக்கு அவன் மகள் எழுதியிருந்தாள். அவன் உங்களிடம் சொல்லி அனுப்பியது என்ன என்பதையும் நானே சொல்லிவிடுகிறேன். "பெட்டியை அண்ணாச்சியே வச்சுக்கிடட்டும். உள்ள கிடக்க பிளேட்டைக் கழுவி, கண்ணு இருக்கும்போதே ஒரு தடவை காட்டச் சொல்லுங்க." சரிதானே? கண்ணைப் பற்றியது மட்டும் புதிது; மற்றதை நாற்பது ஆண்டுகளாக நேரிலும் ஆள் மூலமும் சொல்கிறான். நானும் நாற்பது ஆண்டுகளாகக் கேட்டுக் கேட்டுக் களைத்துவிட்டேன்.

அந்தப் பிளேட்டில் இருப்பது எங்கள் தாயார்.

முதலில் பெட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் வந்த காரியம் அதுதானே. ரொவாத்தி, கெல்லி. எங்கள் வீட்டில் இந்த இரண்டு பெயர்களும் தாய்மாமன் பெயர்களைப் போலப் புழங்கியவை. பெட்டியின் நெற்றியில் பித்தளைத் தகட்டில் பொறித்திருக்கும். எங்கள் தகப்பனார் தீத்தாரப்பபிள்ளை, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறில் தூத்துக்குடியில் அதை வாங்கினார். பஞ்சு கொள்முதலுக்கு வந்திருந்த இத்தாலிக்காரன் ஒருவன் ஊருக்குத் திரும்புகிறபோது விற்றுவிட்டுப் போனது. மரப்பெட்டி, மேலே கறுப்புத் தோல், தூக்குவதற்கு ஒரு வார். ஒரு பிள்ளையைத் தூக்கிப்போவது போலத் தகப்பனார் அதை இடுப்பில் அணைத்துக்கொண்டு போவார்.

அதன் உள்ளமைப்பை நீங்கள் அறிவீர்கள். பன்னிரண்டு கண்ணாடிகள், மருந்து பூசியவை, பிளேட் என்பது அதைத்தான், ஆளுக்கொரு தகர உறையில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். முன்னால் நிற்பதன்மேல் உருவம் விழும். உருவம் விழுந்த பிறகு பக்கத்து விசையைத் தள்ளினால், அந்தக் கண்ணாடி தலைகுப்புறப் பெட்டிக்கு அடியில் போய் விழுந்துவிடும். பின்னால் நின்றது முன்னே வரும். விழுகிறபோது 'டக்' என்று ஒரு சத்தம். சந்நிதியில் அடியவர் ஒவ்வொருவராக முன்வந்து நெடுஞ்சாண்கிடையாக விழுவது போல என்று எனக்குத் தோன்றும். விசையை அமைத்த கெல்லி என்பவன் கடிகாரம் பழுதுபார்த்தவன், லென்ஸைக் கடைந்த ரொவாத்தி மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவன் என்கிறீர்கள். இருக்கும். இருவரில் ஒருவனாவது பக்திமானாக இருந்திருப்பான். இல்லாவிட்டால் அப்படியொரு வணக்கத்தை யந்திரத்துக்குக் கற்றுக்கொடுத்திருக்க முடியாது.

கடைசிக் காலத்தில் இருவரும் பேசிக்கொள்ளவே இல்லையா? சுருள் பிலிமுக்கு மாறிவிடலாம் என்று ஒருவன், கண்ணாடியை விடமாட்டேன் என்று மற்றொருவன். ஒரே பட்டறை, நடுவே ஒரு சுவர், வேலையாள் மூலம் சீட்டு அனுப்பிக்கொண்டார்கள் என்கிறீர்கள். பதினோரு ஆண்டுகளா? எவ்வளவு அறியாமை ஐயா. கூடப் பிழைத்தவனோடு பேசாமல் பதினோரு ஆண்டு ஒரு மனிதன் எப்படித்தான் சோறு உண்பான்?

எங்கள் தகப்பனார் அந்தக் கம்பெனிக்குக் கடிதம் எழுதியதுண்டு. முப்பத்தெட்டாம் ஆண்டில் விசையின் வில், அந்த ஸ்பிரிங், ஒடிந்துவிட்டது. வக்கீல் குமாஸ்தா ஒருவரைக் கொண்டு ஆங்கிலத்தில் எழுதினார். எட்டு மாதம் கழித்துப் பதில் வந்தது, கம்பெனியிடமிருந்து அல்ல, கெல்லியின் மகளிடமிருந்து. கம்பெனி மூடிப் பத்தாண்டு ஆகிறது என்றும், தன் தகப்பனார் கைப்பெட்டியிலிருந்தே ஒரு வில்லைக் கழற்றி அனுப்புகிறேன் என்றும், இனி உலகத்தில் வேறு வில் இருப்பதாகத் தனக்குத் தெரியாது என்றும் எழுதியிருந்தாள். பாளையங்கோட்டையில் ஒரு பாதிரியார் அதைத் தமிழில் எழுதிக்கொடுத்தார். அந்தத் தாள் என்னிடம் இருக்கிறது; எடுத்துத் தருகிறேன். அதன் கடைசி வரி, 'முழு இருட்டில் அன்றிப் பெட்டியைத் திறக்க வேண்டாம்' என்பது. 'அன்றி' என்பதற்குப்பின் பாதிரியார் ஒற்று மிகாமல் எழுதியிருந்தார். நான்தான் பென்சிலால் திருத்தினேன்.

வில்லைப் பஞ்சில் பொதிந்து அனுப்பியிருந்தாள் அந்தப் பெண். அந்தப் பஞ்சை எங்கள் தாயார் எடுத்துத் திரி திரித்துச் சுவாமிக்கு விளக்கேற்றிவிட்டார். அப்படித்தான் அவர், எதையும் வீசமாட்டார். திரி திரிக்கிறபோது நாக்கு நுனியைக் கடித்துக்கொள்வார். முன்பல் ஒன்றின்மேல் ஒன்று சற்று ஏறியிருக்கும். அதற்கிடையில் நாக்கு நுனி சிவந்து தெரியும். அதை விடுங்கள். உங்கள் நூலுக்கு அது எதற்கு.

தகப்பனாருக்குத் தொழில் பெரும்பாலும் பிணப் படம். கல்யாணப் படம் எடுப்பதற்கு ஸ்டுடியோக்காரர்கள் இருந்தார்கள். இறந்தவரை எடுப்பதற்கு இவரைத்தான் கூப்பிடுவார்கள். வீட்டில் சாவு விழுந்தால் குளிப்பாட்டி, நீறு பூசி, நெற்றியில் காசு ஒட்டி, நாற்காலியில் அமர்த்தி, சரிந்துவிடாமல் வேட்டியால் இடுப்பைக் கட்டி, சுற்றிலும் உற்றார் உறவினர் நிற்க ஒரு படம் எடுப்பார்கள். உயிரோடு இருந்த நாளில் படமே எடுத்துக்கொள்ளாதவர்களுக்கு அதுதான் முதலும் கடைசியும். பெரிய முக்காலிக் கேமராவைத் தூக்கிக்கொண்டு சாவு வீட்டுச் சந்துக்குள் நுழைய முடியாது. மிலான் பெட்டி நுழைந்துவிடும்.

தாயார் உலகம்மாளையும் அவர் உயிரோடிருக்கையில் தகப்பனார் படம் எடுத்ததில்லை. கேட்டால் தாயார் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, "எனக்கு எதுக்கு படம்? நாந்தான் எப்பவும் இங்கனயே இருக்கேன்லா" என்பார். அவருக்கு இடப்புருவம் பாதிதான். ஒரு முறை இருட்டு வீட்டில் படம் எடுப்பதற்காகத் தகப்பனார் வெளிச்ச மருந்தைக் கொளுத்திப் பார்த்தபோது பக்கத்தில் எட்டிப் பார்த்தாராம். பொசுங்கிவிட்டது, பிறகு முளைக்கவே இல்லை. மீதிப் பாதியை மையால் வரைந்துகொள்வார். வியர்த்தால் மை வழிந்து காதுவரை வந்துவிடும். "பாதிப் புருவத்தை ஒங்க தொழிலுக்குக் கொடுத்துட்டேன், மீதியையாவது விட்டுவையுங்க" என்று தகப்பனாரைக் கேலி செய்வார். குரல் சற்றுக் கரகரப்பு. எப்போதும் அப்போதுதான் தூங்கி எழுந்தவர் போல.

நாற்பத்து நான்காம் ஆண்டு. எனக்குப் பன்னிரண்டு வயது. குத்தாலம் பிறந்த எட்டாம் நாள் தாயார் காலமானார். ஜன்னி. காலையில் என்னைக் கூப்பிட்டுத் தண்ணீர் கேட்டார். நான் கொண்டுவந்தபோது வாய் திறக்கவில்லை.

தகப்பனார் அழவில்லை. ஊருக்கெல்லாம் எடுத்தவர், தம் மனைவிக்கு எடுக்காமல் இருப்பாரா? யுத்தகாலம் ஐயா, கண்ணாடி கிடைக்காது. ஒரே ஒரு பிளேட் மிச்சமிருந்தது. அந்த ஒன்றை மட்டும் பெட்டியில் போட்டார். தாயாரை நாற்காலியில் அமர்த்தினார்கள். ஆம், அந்த நாற்காலிதான். தலை ஒருபக்கம் சாய்ந்துகொண்டே இருந்தது. "ஏ சைலப்பா, பின்னால நின்னு பிடிச்சுக்கோ" என்றார் தகப்பனார். நான் நாற்காலிக்குப் பின்னே குனிந்து, கொண்டைக்குக் கீழே கையைக் கொடுத்து, தலையைத் தாங்கிக்கொண்டிருந்தேன். கொண்டை இன்னும் ஈரமாக இருந்தது. ஈரத்தில் சீயக்காய் மணம். பிறகு தகப்பனார் எட்டு நாள் பிள்ளையை எடுத்துத் தாயார் மடியில் வைத்தார். பெண்கள் கூச்சலிட்டார்கள். பச்சைப் பிள்ளையைப் பிணத்தின் மடியில் வைக்கலாமா என்றார்கள். "அவனுக்கு இதுதாம்மா அம்மா மடி. வேற எப்ப உக்காருவான்?" என்றார் தகப்பனார். மூடியைத் திறந்து மூடினார். விசையைத் தள்ளினார். டக் என்று விழுந்தது. என் கைமேல் தாயாரின் தலை இருந்தது; அந்தச் சத்தம் அவர் உடம்பு வழியாக வந்தது போல இருந்தது எனக்கு. படத்தில் நான் இல்லை. ஒருவேளை என் விரல்கள் இருக்கலாம்.

மருந்தில் கழுவினால்தான் உருவம் தெரியும்; அந்தப் பிளேட்டைத் தகப்பனார் கழுவவில்லை. தொழிலையும் விட்டுவிட்டார். ஏன் கழுவவில்லை என்று ஒரு முறை கேட்டதற்கு, "கழுவுற வரைக்கும் உள்ள இருக்காள்லா" என்றார். ஏழு ஆண்டு கழித்து அவரும் போனார். போகும்போது என்னிடம் சொன்னது இரண்டு வாக்கியம். "பெட்டியைத் திறந்துராத. குத்தாலம் ஆளானப்பறம் அவங்கிட்ட குடு, அவனே கழுவிப் பாக்கட்டும்."

இதில்தான் ஐயா எனக்கும் அவனுக்கும் வழக்கு. நான் கொடுக்கவில்லை என்கிறான். நான் காப்பாற்றினேன் என்கிறேன். எப்படிக் காப்பாற்றினேன் என்று கேளுங்கள்.

தாயார் உள்ளே இருக்கிற பெட்டியைத் துணியைப் போட்டு மூடிப் பரணில் எறிந்துவிட எனக்கு மனம் வரவில்லை. ஆண்டுதோறும் ஆயுத பூஜைக்கு அதைச் சுவாமி அறைக்குக் கொண்டுவருவேன். கருவி என்றால் அன்றைக்கு அதைத் திறந்து, துடைத்து, பொட்டிட்டுத்தானே வைக்க வேண்டும்? எழுத்தாணியோ, தராசோ, தையல் யந்திரமோ, எதுவாயினும் மூடிவைத்துப் பூசை செய்வார் உண்டா? தகப்பனார் திறக்காதே என்றது வெயிலில் திறக்காதே என்பதற்காக. அது எனக்குத் தெரியாதா? நான் கதவையும் சன்னலையும் அடைத்துவிடுவேன். ஒற்றைக் குத்துவிளக்கு மட்டும். அதிலும் ஒரு திரி. தகப்பனார்கூட இருட்டறையில் சிவப்புக் கண்ணாடி விளக்கை வைத்துக்கொண்டுதான் பிளேட் கழுவுவார். அந்த மண்ணெண்ணெய் விளக்கு கெடுக்காத ஒன்றைச் சுவாமிக்கு ஏற்றிய நெய்விளக்கா கெடுத்துவிடும்?

பின்கதவைத் திறந்து, உள்ளே குப்புறக் கிடக்கிற பிளேட்டை இரண்டு கையாலும் எடுத்து, சந்தனமும் குங்குமமும் உறையின் ஓரத்தில் இட்டு, மலர் சாத்தி, பதிகம் ஓதி முடிகிறவரை சுவாமிக்கு முன்னே நிறுத்திவைப்பேன். கண்ணாடியின் முகத்தில் கை பட்டதேயில்லை. முதல் ஆண்டு பாலாடை போல வெளுப்பாக இருந்தது. இரண்டாம் ஆண்டு சற்றே மங்கல். பிறகு ஆண்டுக்கு ஆண்டு நிறம் ஏறிக்கொண்டே வந்தது. சாம்பல், பிறகு கத்திரிப்பூ நிறம். இப்போது நன்றாகவே கறுத்துவிட்டது. மருந்தும் இல்லாமல், தண்ணீரும் இல்லாமல், பதிகத்தின் பலத்தாலேயே தாயார் உள்ளிருந்து திரண்டு வருகிறார் என்பதைக் கண்ணாரக் கண்டவன் நான். ஐம்பத்தெட்டு ஆண்டு. ஓர் ஆண்டு தவறியதில்லை. எனக்கு அம்மை போட்ட ஆண்டுகூட.

ஏன் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள்? மோரைக் குடியுங்கள்.

குத்தாலத்தைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வான். அவன் கோயம்புத்தூர் மில்லில் எலெக்ட்ரிஷியன் வேலைக்குப் போனான்; போன இடத்தில் கறுப்புச் சட்டை மாட்டிக்கொண்டான். சாமி இல்லை, பூசை இல்லை என்று கூட்டத்தில் பேசுகிறவனாகிவிட்டான். அறுபத்தெட்டில் அந்தச் சட்டையோடு வந்து நின்று, "அண்ணாச்சி, அந்தப் பிளேட்டைத் தாங்க, கழுவித் தாரேன்னு ஒருத்தர் சொல்லியிருக்கார்" என்றான். நான் அமைதியாகத்தான் சொன்னேன். நீறில்லாத நெற்றியோடு அம்மாவைப் பார்க்க வரக்கூடாது, நீறு பூசிக்கொண்டு வா, அந்த நிமிஷமே தருகிறேன் என்றேன். "அம்மா என்ன கோயில் சுண்டலா, கும்பிட்டாத்தான் குடுப்பீயளோ?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டான். வாய் அப்படி. வாய் மட்டும் தாயாரைப் போல. காதும்தான், மடல் வெளிப்பக்கம் சற்று மடங்கியிருக்கும். தாயாருக்கு வலக்காதில் ஓட்டை கிழிந்திருந்தபடியால் தோட்டை நூலில் கோத்துக் காதைச் சுற்றிக் கட்டியிருப்பார். தலையை ஆட்டிப் பேசும்போது அந்தத் தோடு தனியாக ஆடும்.

பிறகு எழுபத்தொன்பது. அந்த ஆண்டைத்தான் நான் மறக்க முடியாது. அந்தப் புரட்டாசி முழுவதும் எனக்குத் தூக்கமில்லை. ஆயுத பூஜையன்று, பூசைப் பொருளெல்லாம் எடுத்துவைத்துக்கொண்டிருக்கிறேன், வாசலில் அவன் நிற்கிறான். வெள்ளைச் சட்டை. நெற்றி நிறைய நீறு. பஸ் நிலையத்துக் குழாயில் முகம் கழுவிவிட்டுப் பூசிக்கொண்டு வந்தானாம். பழக்கமில்லாதவன், ஈரத்தோடு அள்ளி அப்பியிருக்கிறான், கண்ணிமையெல்லாம் நீறு. கண்ணைக் கசக்கிக்கொண்டே, "வந்துட்டேன் அண்ணாச்சி" என்றான். வடிவு அடுக்களையிலிருந்து ஓடிவந்து, "வாங்க தம்பி, வாங்க" என்று சிரிக்கிறாள், அழுகிறாள்.

எனக்கும் மகிழ்ச்சிதான் ஐயா. ஆனால் கண்மூடித்தனமாக ஒரு பொருளைக் கொடுத்துவிட முடியுமா? பத்துப் பன்னிரண்டு ஆண்டு தூற்றித் திரிந்தவன் ஒரே நாளில் மாறிவிட்டானா என்று பார்க்க வேண்டாமா? "உட்கார். ஒரு பதிகம் சொல்லு, ஒரே ஒரு பாட்டு போதும்" என்றேன். விழித்தான். "பள்ளிக்கூடத்தில் படித்தாயே, இரண்டடி சொல்லு" என்றேன். வரவில்லை. நான் அவனிடம் கோபப்படவில்லை. "நீறு நெற்றியில் இருக்கிறது தம்பி, உள்ளே இல்லை. உள்ளே வந்த பிறகு வா" என்று மட்டும் சொன்னேன்.

அவன் சட்டை நுனியால் நெற்றியைத் துடைத்தான். மெதுவாக, முழுவதும் துடைத்தான். பிறகு, "சரி, பிளேட்டு வேண்டாம். அம்மா எப்படி இருப்பாங்கன்னாவது சொல்லுங்க அண்ணாச்சி. ஒங்களுக்குப் பன்னெண்டு வருசம் இருந்தாங்கள்லா. அதுக்கும் பாட்டுச் சொல்லணுமா?" என்று கேட்டான்.

"அதுதான் பிளேட்டில் இருக்கிறதே, என்னை ஏன் கேட்கிறாய்" என்றேன். தவறா? கண்ணாடியில் உள்ளபடியே இருக்கும்போது ஒருவன் வாயால் சொல்லி அதைக் குறைத்துவிடலாமா? மூலப் படி கையில் இருக்க, நினைவிலிருந்து யாராவது பாடம் எழுதுவார்களா? பிழை வந்துவிடும் ஐயா. அது என் தொழில், எனக்குத் தெரியும்.

அவன் போய்விட்டான். வடிவு மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள், "ரெண்டு வார்த்தை சொல்லி அனுப்பியிருந்தா ஒங்க வாயிலருந்து முத்தா உதிர்ந்துரும்? நான் வந்து பாக்காத மாமியார். தெரிஞ்சவுக எல்லாரும் போய்ச் சேந்தாச்சு. நீங்க ஒரு ஆள்தான பாக்கி?" என்றாள். பெண்களுக்கு இது விளங்காது. அன்றிலிருந்து அவனும் நானும் பேசவில்லை. முப்பது ஆண்டு இருக்குமா? இருக்கும். என்மேல் பிழையில்லை, அவன் ஒரு பாட்டுச் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும்.

தாயார்கூட பாட்டைத் தப்பாகத்தான் பாடுவார், அது வேறு. தோசை வார்க்கும்போது ஒரு பதிகம் முணுமுணுப்பார். நாலடியில் மூன்றாம் அடியை எப்போதும் விழுங்கிவிடுவார். அந்த இடத்தில் தோசையைத் திருப்ப வேண்டியிருக்கும். நான் அடுக்களை வாசலில் நின்று, "அம்மா, ஒரு அடி விட்டுட்ட" என்பேன். "அது சாமிக்குத் தெரியும்ல, நீ சாப்பிடு" என்பார். நான் வாழ்க்கையில் கண்டுபிடித்த முதல் பிழை அதுதான். இன்றைக்கும் அந்தப் பதிகத்தை ஓதும்போது மூன்றாம் அடியில் எனக்குத் தோசைக்கல்லின் சத்தம் கேட்கும். ஓதுவதை நிறுத்திவிட்டுத் திரும்ப ஆரம்பிப்பேன்.

சரி. களைப்பாக இருக்கிறது. எனக்கும் வயது எழுபத்தேழு. எனக்குப்பின் இந்தப் பெட்டிக்குப் பூசை செய்ய ஆளில்லை. கண் போகப்போகிறவனிடம் இனியும் பாட்டுக் கேட்டுக்கொண்டிருப்பது நியாயமில்லை என்று போன வாரம் பூசையில் உட்கார்ந்திருந்தபோது தோன்றியது. தருகிறேன். மனமாரத் தருகிறேன். நீங்களே கொண்டுபோய்க் கழுவி அவனிடம் காட்டுங்கள். வடிவு, சுவாமி அறையிலிருந்து பெட்டியை எடுத்து வா. பார்த்து வா, படி இருக்கிறது.

இதோ. பித்தளைத் தகட்டைப் பாருங்கள், எழுத்துத் தேயவில்லை. இருங்கள், பின்கதவைத் திறந்து காட்டுகிறேன்.

ஏன் ஐயா கையைப் பிடிக்கிறீர்கள்? பகல் வெளிச்சம் என்றா? சரி, சன்னலை அடைக்கச் சொல்கிறேன்.

என்ன?

சற்று மெதுவாகச் சொல்லுங்கள். விளக்கு எதுவானாலும் என்றா சொன்னீர்கள்? சிவப்புக் கண்ணாடிக்குள் இருந்தால்தான் அது சிவப்பு வெளிச்சம். நெய்விளக்கில் எல்லா வெளிச்சமும் இருக்கிறது. சரி. ஒரு நொடி போதுமா? நான் ஒரு பதிகம் முழுவதும் நிறுத்திவைத்திருந்தேன். பதினோரு பாட்டு.

அப்படியானால் எந்த ஆண்டு? அதைச் சொல்லுங்கள். எந்த ஆண்டோடு போயிற்று?

முதல் ஆண்டேயா.

அப்படியானால் அறுபத்தெட்டில் அவன் வந்தபோதே உள்ளே ஒன்றுமில்லை. எழுபத்தொன்பதில், நீறு பூசிக்கொண்டு வந்தபோது, ஒன்றுமில்லை. அந்தக் கறுப்பு? அது வெளிச்சம் தின்ற கறுப்பா. தாயார் அல்லவா. சரி. சரி ஐயா.

திறக்காதிருந்தால் இவ்வளவு காலத்துக்குப் பிறகும் கழுவியிருக்கலாம் என்கிறீர்கள். மங்கலாகவாவது வந்திருக்கும். கெல்லியின் மகள் எழுதியிருந்தாள். முழு இருட்டு என்றுதான் எழுதியிருந்தாள். நான் அந்த வரியில் ஒற்றைத்தான் பார்த்தேன்.

கொஞ்சம் தண்ணீர் கொடு வடிவு. ஏன் அப்படி என்னைப் பார்க்கிறாய்?

பெட்டியைக் கொண்டுபோங்கள் ஐயா. உங்கள் நூலுக்கு உதவும். தகப்பனார் கை பட்ட இடமெல்லாம் தோல் வழுவழுப்பாக இருக்கும், படம் எடுத்துப் போடுங்கள். அந்தக் கடிதத்தையும் தருகிறேன். குத்தாலத்திடம் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுங்கள். அம்மாவின் முகம் இனி எங்கும் இல்லை என்று சொல்லுங்கள். அண்ணன் விளக்கேற்றியே அணைத்துவிட்டான் என்று சொல்லுங்கள். அவன் ஏதாவது சொன்னால் சொல்லட்டும். நான் எழுத மாட்டேன்; எனக்குக் கை ஓடாது.

இன்னொன்று. அந்தச் சின்ன யந்திரத்தில் வேண்டாததை அழிக்க முடியும் அல்லவா? ரொவாத்தி, கெல்லி, வில், கடிதம், விசை, அவை இருக்கட்டும், அவை சரித்திரம். நடுநடுவே தாயாரைப் பற்றி நான் உளறியதை மட்டும் அழித்துவிடுங்கள். பாதிப் புருவம், பல், நூலில் கட்டிய தோடு, அந்தத் தோசைப் பாட்டு, எல்லாவற்றையும். மூலமே போன பிறகு நினைவிலிருந்து சொன்ன பாடம் எதற்கு? ஆயிரம் பிழை இருக்கும் அதில். தம்பி கேட்டது படத்தை. கண் தெரியாமல் போகிறவனுக்கு ஒரு கிழவனின் பேச்சை வைத்துக்கொண்டு என்ன ஆகும்?

அழியுங்கள் ஐயா. நான் இருக்கும்போதே அழித்துவிடுங்கள்.

வடிவு, நீ ஏன் குறுக்கே வந்து நிற்கிறாய்? அதன்மேல் ஏன் கையைப் பொத்துகிறாய்? அது என்ன குருவிக்குஞ்சா? கையை எடு. ஐயா தம் வேலையைப் பார்க்கட்டும்.

பாருங்கள், விரலிடுக்கில் அந்தச் சிவப்பு இன்னும் எரிந்துகொண்டிருக்கிறது. அணைக்கிற இடம் தெரியாமல்தான் அப்படிப் பொத்திக்கொண்டு நிற்கிறாள் போலிருக்கிறது. நீங்களே சொல்லிக்கொடுங்கள்.